லியோனில் விருந்தும் விளக்குத் திருவிழாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லியோன் வந்துவிடும். பிரான்ஸில் சாப்பாட்டுக்கென்றே பேர்போன ஊர். டிசம்பர் 8ஐ ஒட்டி நான்கு இரவுகள் நடக்கும் விளக்குத் திருவிழா இன்னொரு ஈர்ப்பு. அந்த நாட்களில் இருபது லட்சத்தை ஒட்டிய கூட்டம் சேரும். நல்ல சாப்பாடு, திருவிழா இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. தாராளமாக முடியும். ஆனால் பலர் இரண்டையும் ஒரே மாலைக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருவிழா இரவில் எட்டு மணி விருந்து

லியோனில் இரவு உணவு ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது. மிஷ்லின் உணவகக் கையேட்டின் நட்சத்திரம் பெற்ற உணவகத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகும். திருவிழா விளக்குக் காட்சிகளும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் தொடங்கி, பதினொன்று வாக்கில் அணைகின்றன. எட்டு மணிக்கு மேசை பதிவு செய்தவர் கடைசி இனிப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும், இல்லையென்றால் வெளியே வந்து இருண்ட சதுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

வழியும் லேசில் கிடைக்காது. நகரத்தின் மையம் ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் நீளமாகக் கிடக்கிற ப்ரெஸ்கீல். திருவிழா மாலைகளில் இந்தப் பகுதிக்குள் வண்டி போகாது, சில மெட்ரோ நிலையங்களை மூடிவிடுவார்கள், நடப்பவர்களையும் பல தெருக்களில் ஒரே திசையில்தான் விடுவார்கள். நுழைவிடங்களில் பைச் சோதனை உண்டு. வரைபடத்தில் பத்து நிமிட நடை என்று காட்டுவது முக்கால் மணி நேரம் இழுக்கும். உணவகம் அவ்வளவு நேரம் மேசையைக் காலியாக வைத்திருக்காது. பதிவின்போதே கார்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள், வராதவரிடம் தலைக்கு இவ்வளவு என்று பணமும் எடுத்துவிடும்.

சரி, என்ன செய்வது? பெரிய சாப்பாட்டைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். திருவிழா இல்லாத நாளிலும் இதுதான் என் கட்சி. நட்சத்திர உணவகங்கள் பலவற்றில் வேலை நாட்களின் மதிய உணவு இரவு விலையில் பாதிக்குக்கூடக் கிடைக்கும். சமையல்காரர் அதே ஆள், அடுப்பு அதே அடுப்பு. ஒன்று மட்டும் கவனம்: மதியம் என்றால் இங்கே பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டரைக்குப் பசிக்கிறது என்று போய் நின்றால் சமையலறை கழுவித் துடைத்து முடிந்திருக்கும். திருவிழா மாலைக்குச் சூடான மசாலா ஒயினும் கையில் பிடித்துத் தின்கிற ஏதாவதும் போதும், தெருவிலேயே விற்கிறார்கள்.

தேதியைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

திருவிழா வார இறுதியில் நடக்கும் என்று நினைத்து ரயில் டிக்கெட் எடுத்துவிடுவது இன்னொன்று. நான்கு நாட்களில் டிசம்பர் 8 கட்டாயம் இருக்கும், மற்ற மூன்றும் அது எந்தக் கிழமை என்பதைப் பொறுத்து முன்னே பின்னே நகரும். 2023இல் 7 முதல் 10 வரை, 2024இல் 5 முதல் 8 வரை. நகராட்சி அறிவித்த தேதியைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள். அறை வாடகை அந்த நாட்களில் ஏறிக் கிடக்கும்.

ஏன் அந்த 8 மட்டும் அசையாது? 1852இல் ஃபூர்வியேர் குன்றின் மேல் மாதா சிலையை செப்டம்பர் 8 அன்று திறப்பதாக இருந்தது. சோன் ஆற்றில் வெள்ளம் வந்து சிலை தயாராவது தடைபட்டதால் டிசம்பர் 8க்குத் தள்ளிவைத்தார்கள். அன்று பார்த்துப் புயல். விழாவே கைவிட்டுப் போகும் என்ற நிலையில் மாலை வானம் தெளிந்தது. யாரும் சொல்லாமலே ஜனங்கள் ஜன்னல் ஓரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு 8ஆம் தேதி இரவுதான் திருவிழா, மற்றதெல்லாம் வந்து போகிறவர்களுக்கு.

வெளியூர்க்காரர்கள் தவறவிடுவதும் இதைத்தான். தெரோ சதுக்கத்தில் கட்டடச் சுவர்கள் மேல் ஒளி ஓவியம் ஓடும். பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு அங்கே மூச்சு விட இடம் இருக்காது. வியாழனோ ஞாயிறோ விழாவுக்குள் வந்தால் பெரிய சதுக்கங்களை அன்று பாருங்கள். 8ஆம் தேதி மாலை இருட்டியதும் க்ருவா-ரூஸ் மேட்டுத் தெருக்களில் சும்மா நடங்கள். பழைய பட்டு நெசவாளர் குடியிருப்பு அது. தறி நிற்க வேண்டும் என்பதற்காக உயர உயரமாகக் கட்டிய வீடுகள். விரல் உயரத்துக்கு, பக்கவாட்டில் வரி வரியாக மடிப்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகளில் சின்ன மெழுகுவர்த்திகள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக எரியும். அந்த மடிப்புகளில் மோதிச் சுடர் உடைந்து சுவரில் அசையும். இதற்கு வரிசையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.

குளிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், ஆற்றங்கரையில் காற்றும் சேர்ந்துகொள்ளும். புகைப்படத்துக்காக மெல்லிய காலணியோடு வந்தவர்கள் ஒன்பது மணிக்கே அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

புஷோன் என்று பலகை மாட்டினாலே புஷோன் ஆகிவிடாது

லியோனின் பெருமை நட்சத்திர உணவகங்களில் மட்டும் இல்லை. புஷோன் என்று அழைக்கப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்தான் அடித்தளம். கட்டம் போட்ட மேசைத் துணி, நெருக்கி உட்கார்ந்த கூட்டம், பட்டு நெசவாளர் காலத்துப் பதார்த்தங்கள். இவற்றையும் பெரிய உணவகங்களையும் இணைத்தவர்கள் 'லியோனின் தாய்மார்கள்' என்று ஊர் கொண்டாடும் சமையல்காரப் பெண்கள். பலர் பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டுச் சொந்தக் கடை போட்டவர்கள். அவர்களில் ஒருவரான யூஜெனி ப்ராஸியே 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் மூன்று மூன்று மிஷ்லின் நட்சத்திரம் வாங்கினார். ஆக மொத்தம் ஆறு, அதற்கு முன் யாரும் தொடாத எண்ணிக்கை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற போல் போகூஸ் என்ற சமையல்காரர் அவரிடம் வேலை கற்றவர்தான். ரொயால் தெருவில் ப்ராஸியேயின் பெயரிலேயே அவற்றில் ஒன்று இன்றும் நடக்கிறது.

இந்தப் பெயரை வைத்துப் பிழைக்கும் கடைகளும் ஏராளம். பழைய நகரத்தின் சான்-ழான் தெருவிலும் மையத்தின் மெர்சியேர் தெருவிலும் வாசலில் நின்று கைகாட்டி அழைப்பார்கள். ஆறு மொழியில் படம் போட்ட உணவுப் பட்டியல் அட்டை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். இந்தத் தெருக்களில் நல்ல கடையே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடந்து களைத்து முதலில் கண்ணில் பட்ட இடத்தில் உட்காருவதுதான் ஆபத்து. அசல் புஷோன்களுக்கென்று ஓர் அங்கீகாரத் தகடு உண்டு, வாசலில் மாட்டியிருப்பார்கள். தகடு இல்லாத நல்ல கடைகளும் உண்டு. அட்டை ஒரு பக்கத்துக்குள் முடிகிறதா, பக்கத்து மேசையில் பேச்சு பிரெஞ்சில் நடக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், புஷோன் சின்னக் கடைதானே என்று பதிவு செய்யாமல் போகாதீர்கள். திருவிழா வாரத்தில் சின்னக் கடைகள்தான் முதலில் நிரம்பும்.

என்ன வருகிறது என்று தெரியாமல் வரவழைப்பதும் வழக்கமான தவறு. தப்லியே த சபேர் என்று அட்டையில் பார்த்தால் அது ரொட்டித்தூள் பூசிப் பொரித்த மாட்டுப் போட்டி, அதாவது இரைப்பை. ஆண்டுயெத் குடலை அடைத்துச் செய்த சாஸேஜ். தட்டு வருவதற்கு முன்னே வாசனை வந்துவிடும். போட்டியும் குடலும் பழகியவர்களுக்கு இரண்டுமே விருந்து, மற்றவர்கள் கெனெலில் ஆரம்பிக்கலாம். ஆற்று மீனான பைக்கின் சதையை மாவு, முட்டை, வெண்ணெயோடு அரைத்து, நீள்வட்ட உருண்டையாக வேகவைத்து, நண்டு இனத்துச் சின்ன நன்னீர் இறாலில் செய்த ஆரஞ்சு நிற நான்டுவா சாஸ் ஊற்றி அடுப்பில் வாட்டுவார்கள். பீங்கான் பாத்திரத்தின் ஓரத்தில் சாஸ் கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும். கெனெல் உப்பி, மேல்தோல் அங்கங்கே பழுப்பாகியிருக்கும். அப்போதே கரண்டியை இறக்கிவிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது அமுங்கிப்போய், மேலே சாஸ் ஆடை கட்டிவிடும்.

ஒயினுக்கு முழு பாட்டில் தேவையில்லை. 46 சென்டிலிட்டர் கொள்ளும் கனத்த அடிப்பாகம் கொண்ட லியோன் குப்பியில் உள்ளூர் போஜொலே தருவார்கள். இருவருக்குப் போதும், விலையும் குறைவு.

சைவக்காரர்கள் கவனத்துக்கு

புஷோனில் சைவம் கஷ்டம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லியோன் சாலடில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும். வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிசாரகர்களும் உண்டு. அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விடாமல், பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், எலும்புச் சாறு மூன்றும் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். நட்சத்திர உணவகங்கள் இந்த விஷயத்தில் புஷோன்களைவிடப் பல மடங்கு மேல். இரண்டு நாள் முன்னால் சொன்னால் முழுச் சைவ விருந்தே தயார் செய்து தருவார்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் காய்கறித் தட்டு ஒன்றுதான் வரும். புஷோனிலேயே மாட்டிக்கொண்டால், மூலிகையும் சின்ன வெங்காயமும் கலந்த தயிர்ப்பதத்துப் பாலாடைக்கட்டியான செர்வெல் த கனுவும் ரொட்டியும் பசியாற்றும். சிவப்புச் சர்க்கரை பாதாமில் செய்த ப்ரலின் தார்த்தில் மனசு ஆறும்.

மேசையில்

உள்ளே நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் மரியாதை தெரியாதவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். பரிசாரகரின் முகம் அத்தோடு மாறிவிடும், அப்புறம் கடைசி வரை அதே முகம்தான். 'மெனு' என்று கேட்டால் நிர்ணய விலைத் தொகுப்பு உணவு என்று புரிந்துகொள்வார்கள். பட்டியல் வேண்டுமென்றால் 'கார்த்' கேளுங்கள். தண்ணீர் என்று மட்டும் சொன்னால் விலைக்கு பாட்டில் வரும். "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசம், ரொட்டியும் இலவசம். கறி நன்றாக வெந்திருக்க வேண்டுமென்றால் "பியாங் குயி" என்று அழுத்திச் சொல்லுங்கள், நடுத்தரம் என்று அவர்கள் தருவது நமக்கு ரத்தமாகத் தெரியும்.

சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. பிடித்திருந்தால் சில யூரோ வைக்கலாம், கட்டாயம் இல்லை. பில் கேட்காமல் வராது. கவனிக்க ஆளில்லை என்று கோபப்பட வேண்டாம், கேட்காமல் பில்லை நீட்டுவது விருந்தாளியைத் துரத்துவது போல அவர்களுக்கு.

மூடிய கதவுகள், தவறிய பருவம்

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நல்ல உணவகங்கள் பல மூடிக்கிடக்கும், சில சனிக்கிழமையும் திறப்பதில்லை. வார இறுதியை ஒட்டி வருபவர்களுக்கு இதுதான் பெரிய அடி. ஆகஸ்டில் வாரக்கணக்கில் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை.

படித்துவிட்டு வந்த பதார்த்தத்தை எந்த மாதத்திலும் எதிர்பார்ப்பதும் வேண்டாம். 1975இல் ஜனாதிபதி மாளிகை விருந்துக்காக போகூஸ் செய்த கறுப்பு ட்ரஃபிள் சூப் பிரபலம்தான், ஆனால் புது ட்ரஃபிள் குளிர்காலத்துச் சரக்கு. எலும்பு மஜ்ஜையோடு வாட்டிய கார்தோன் தண்டும் அப்படியே. பிப்ரவரியில் வந்தால் பூஞ் என்ற பொரித்த பலகாரம் கடைக்குக் கடை குவிந்திருக்கும். நவம்பர் மூன்றாவது வியாழன் புது போஜொலே திறக்கும் நாள். கோடையில் விளக்கு கிடையாது, பதிலாக ஜூன், ஜூலை இரவுகளில் ஃபூர்வியேரின் ரோமானிய அரங்கில் இசையும் நாடகமும் நடக்கும். பிடித்துப்போனால் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த மெத்தைகளை மேடையை நோக்கி எறிவார்கள். அந்த நாட்களிலும் விருந்து பகலில், மேடை இரவில் என்றுதான் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, ஊருக்கு வாங்கிப் போகும் சாமான். பார்-தியூ ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், போகூஸ் பெயரில் உள்ள மூடிய சந்தையில் பாலாடைக்கட்டி, சாஸேஜ், இனிப்பு எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். திங்களன்று கடைகள் பொதுவாகத் திறப்பதில்லை, ஞாயிறும் மதியத்தோடு சரி. எனவே சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். சான்-மார்செலன் போன்ற குழைந்த பாலாடைக்கட்டியை விமானக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். காற்று நீக்கிக் கட்டித் தரச் சொல்லிப் பெரிய பெட்டியில் போடுங்கள், அல்லது அங்கேயே ரொட்டியோடு தின்றுவிடுங்கள். பச்சை நிற பாதாம் உறைக்குள் சாக்லேட் வைத்த குசான் மிட்டாயும், ஜிகினாத் தாளில் சுற்றிய கிறிஸ்துமஸ் பப்பியோத் சாக்லேட்டும் கைப்பையிலேயே வரும்.