பாட்டியின் பழைய படங்களைப் பத்திரப்படுத்த

படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள், ஸ்கேன் காத்திருக்கும்.

ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பெயர்க்கக் கூடாது; வளைந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலை அடியில் நுழைத்து, இடமும் வலமுமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனால் பெரும்பாலும் கழன்றுவிடும். பிரேம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனரில் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), மற்றவைக்கு 600 போதும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பாட்டியின் கையெழுத்து அங்கேதான் இருக்கும், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். பெயர், ஆண்டு குறிக்க மென்மையான பென்சில். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்க முகத்தில் தடம் விழும்.

வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். அசல்களை அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.