ஞானப்பல் எடுக்கப் பயமா? வலி நின்ற நாளில் ஓடிப்போகாதீர்கள்

கடந்த வாரம் கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். இருபத்தொரு வயது. கீழ்த்தாடையில் வலதுபக்க ஞானப்பல் பாதி முளைத்து, மீதி ஈறுக்குள் சாய்ந்து கிடக்கிறது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று, நாற்காலியிலும் உட்கார்ந்தாயிற்று. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் எழுந்து நின்றுவிட்டான். "இப்ப வலியே இல்லைங்க அக்கா. மறுபடி வலிச்சா வந்துடறேன்" என்றான். மார்பில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவனே அவிழ்த்து, நாலாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இது மூன்றாவது முறை.

அவன் சொன்னது அப்படியே நான் இருபத்திரண்டு வயதில் சொன்ன வார்த்தை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோத்தகிரியில் ஒரு பல் கிளினிக்கில் 2010இலிருந்து உதவியாளராக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் பயந்து வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பயம் ஒருவரை என்னென்ன செய்யவைக்கும் என்று தினமும் பார்க்கிறேன். ஒழுங்காகப் பல் துலக்குங்கள், புகையிலை போடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அதை விட்டுவிட்டு, பயத்தில் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"வலி நின்னுடுச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்"

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஞானப்பல் பாதி முளைத்த நிலையில் நின்றுவிட்டால், அதன் தலைமேல் ஈறு ஒரு மூடி மாதிரி படர்ந்து கிடக்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் போய்ச் சிக்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கின ஈறை மேல்பல் வந்து கடிக்கும், வலி இரட்டிப்பாகும். டாக்டர் உள்ளே கழுவிவிட்டு மாத்திரை கொடுப்பார், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அடங்குவது வீக்கம் மட்டும்தான். மூடி அங்கேயேதான் இருக்கிறது, பல்லும் சாய்ந்தபடியேதான் இருக்கிறது.

எனக்கு 2007இல் ஆரம்பித்தது. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதி, வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்துவிடலாம் என்று தேதியும் சொன்னார்கள். மூன்றாம் நாள் வலி நின்றது. மாத்திரையையும் நிறுத்தினேன், தேதிக்கும் போகவில்லை. அடுத்த தடவை வலித்தபோது டாக்டரிடம்கூடப் போகவில்லை. பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டினேன், கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நான்கு தடவை இப்படிச் செய்தேன். வலி நிற்கும்போதெல்லாம் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை வந்தது 2009 நவம்பரில். மலையில் இருந்தவர்களுக்கு அந்த மழை மறக்காது. நீலகிரி முழுக்க மண்சரிவு, எத்தனையோ உயிர்கள் போயின, சாலைகள் அடைபட்டன. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி என் தாடைக்குக் கீழே கல் வைத்த மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல். வாயைத் திறந்தால் ஒரு விரல்கூட நுழையவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் அப்பாவும் மாமாவும் ஒரு ஜீப் பிடித்து, வழியில் கிடந்த மண்ணையும் மரத்தையும் சுற்றிச் சுற்றி மேட்டுப்பாளையம் இறக்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் கொண்டுபோனார்கள். தாடைக்குக் கீழே வெளியிலிருந்து கீறித்தான் சீழை எடுத்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஞானப்பல்லுக்கு முன்னால் இருந்த நல்ல கடைவாய்ப் பல்லும் அதன் பக்கத்திலேயே கிடந்து சொத்தையாகிப் போயிருந்தது, அதையும் எடுக்க வேண்டியதாயிற்று. அப்பா அந்த வருடத் தேயிலைப் பணத்தில் பாதியை என் வாய்க்குக் கட்டினார்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் பயந்தது வலிக்கு. அந்த வலியை நானே தேடிக்கொண்டேன். மரத்துப்போக ஊசியில் போடுகிற மருந்து லிக்னோகெய்ன். 1943இல் சுவீடனில் உருவானது, இன்றும் பல் மருத்துவத்தில் பெரும்பாலும் அதுதான். நல்ல ஈறில் போட்டால் சில நிமிடங்களில் பாதி உதடு உங்களுடையது இல்லை என்பது போலாகிவிடும். ஆனால் வீங்கிச் சீழ் கட்டின இடத்தில் அது சரியாக ஏறாது. அங்கே சதையில் அமிலத்தன்மை கூடியிருக்கும், மருந்து நரம்புக்குள் புகுவது குறைந்துவிடும். எனக்குக் கீறினபோது ஊசி போட்டும் வலித்தது. "ஊசி போட்டும் உயிர் போச்சு" என்று யாராவது சொன்னால், எந்த நிலையில் போய் உட்கார்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் என்னைப் போல வீக்கத்தோடு போனவர்களாக இருப்பார்கள்.

வீக்கம் வடிந்து வலி இல்லாமல் இருக்கிற நாள்தான் பல் எடுக்கத் தோதான நாள். எங்களைப் போன்ற மலை ஊர்களில் பாதி கிளினிக்குகளுக்கு வாய் அறுவை செய்கிற டாக்டர் கீழேயிருந்து குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அதை விட்டால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் போகும். அதற்குள் ஒரு கல்யாணம் வரும், தேயிலை அதிகம் வருகிற மாதம் வரும், மழை வரும்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேராக முளைத்து, சுத்தம் செய்ய முடிந்து, தொந்தரவு தராமல் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு "இதை எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வாய் சரியாகத் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். பொதுவாக நுழைய வேண்டும். நேற்று மூன்று நுழைந்து இன்று ஒன்றரைதான் நுழைகிறது என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள். எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் வீக்கம் இறங்குகிறது, நாக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, மூச்சு விடச் சிரமம் என்றால் நடுராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது. 108க்கு அடியுங்கள். நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வது

ஆம்பளைப் பசங்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். கேட்டால் "பயமெல்லாம் இல்லைங்க" என்பார்கள். கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருக்கும், விரல் முட்டி வெளுத்திருக்கும். உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்: "எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள்." டாக்டர் வேகத்தைக் குறைப்பார். ஊசி போடுமுன் ஈறில் மரப்பு ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் கையைத் தூக்குவதில்லை.

ஊசி போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். லிக்னோகெய்னோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பதால் வருவது அது, தானே அடங்கும். இதை யாரும் சொல்லாததால் "ஹார்ட்டுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று பதறி எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதய நோய், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை, கர்ப்பம், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதது இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.

அப்புறம், மரத்துப்போனாலும் அழுத்துவது தெரியும், இழுப்பது தெரியும். பல்லைத் துண்டாக்கி எடுக்கும்போது மடக்கென்று ஒரு சத்தம் கேட்கும். எலும்பு வழியாகக் காதுக்கு வருவதால் அது பெரிதாகக் கேட்கிறது. அழுத்தம் வேறு, வலி வேறு. குத்துகிற மாதிரி, சுரீரென்று இருந்தால்தான் வலி. அப்போது கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள்.

வெறும் வயிற்றோடு வருவது

பயத்தில் சாப்பாடு இறங்காது, தெரியும். ஆனாலும் மரப்பு ஊசி மட்டும்தான் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலாவது ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்று வந்து, ஊசியைப் பார்த்ததும் வியர்த்துக் கண் இருட்டிச் சரிந்தவர்களை எத்தனையோ தடவை கால் தூக்கிப் படுக்கவைத்திருக்கிறேன். எழுந்ததும் அவர்கள் சொல்வது, "ஊசி எனக்கு ஒத்துக்கல." ஒத்துக்கொள்ளாதது பட்டினி. முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் கதை வேறு: அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் என்று அவர்களே சொல்வார்கள். எது என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வாருங்கள். இங்கே ஜூலையில் குளிரால் வருகிற நடுக்கத்தையும் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முந்தின ராத்திரி ஆபரேஷன் வீடியோ பார்ப்பது

வேண்டாம்.

கண் பார்வை போய்விடும் என்று நம்புவது

மேல்பல்லை எடுத்தால் கண் மங்கும் என்று எங்கள் பாட்டியும் சொன்னார், இன்றும் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பல்லுக்கு வருகிற நரம்பு உணர்ச்சியைக் கொண்டுபோகிற நரம்பு. பார்வைக்கு இருப்பது முற்றிலும் தனியான இன்னொரு நரம்பு. பல் எடுத்ததால் பார்வை போகாது. வயதானவர்களுக்குப் பல் விழுவதும் கண் மங்குவதும் ஒரே காலத்தில் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேர் சிலருக்குத் தாடை நரம்புக்கு மிக அருகில் இருக்கும். அப்படியானால் எடுத்த பிறகு கீழுதடோ முகவாயோ கொஞ்ச நாள் மரத்திருக்கலாம், அபூர்வமாக அது நிலைத்தும் விடலாம். எக்ஸ்ரேயில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

தைரியத்துக்குக் குடித்துவிட்டு வருவது

திருப்பி அனுப்பிவிடுவோம்.

பயமுறுத்துகிற துணை

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "எங்க கொழுந்தனுக்குப் பாதி வேர் உள்ளேயே நின்னுபோச்சு" என்று ஆரம்பிக்கிற சொந்தக்காரரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவர் போதும்.

தைலம்

வலித்தால் நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வாய்க்குள் வைக்கிறார்கள். அது வெளியே தேய்ப்பது, விழுங்கினால் விஷம். கிராம்புத் தைலமும் அதிகமாகப் பட்டால் ஈறு வெந்துபோகும்.

எடுத்த கையோடு மலை இறங்குவது

கீழே போக வேண்டியவர்கள் அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்தால் பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் கலைந்து மறுபடி ரத்தம் வரும். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், முடிந்தால் அன்று ராத்திரி இங்கேயே தங்குங்கள். பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்புவதும் உறிஞ்சுவதும் கூடாது. மரப்பு போகும்வரை சூடான டீ வேண்டாம், உதடு வெந்துபோவதுகூடத் தெரியாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதிகமாக இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் திரும்பி வாருங்கள்.

கட்டபெட்டுத் தம்பிக்கு நேற்றுப் போன் செய்தேன். என் தாடைக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சனிக்கிழமை டாக்டர் வர்றாருங்களா?" என்று கேட்டான். பத்தரைக்குப் பெயர் எழுதிவிட்டேன்.

"சாப்பிட்டுட்டு வரலாமாக்கா?"

"எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுட்டு வா கண்ணு."