டெராஃபார்ம் ஸ்டேட்டைக் குபர்னெட்டீஸ் கிளஸ்டரில் வைப்பது எப்படி

டெராஃபார்ம் என்பது கோடில் எழுதியபடி சர்வர் போன்றவற்றை உருவாக்கித் தரும் கருவி. அது தான் உருவாக்கிய சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் ஒவ்வொன்றின் அடையாளத்தையும் ஸ்டேட் என்ற கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இயங்கும்போது எதை உருவாக்குவது, எதை மாற்றுவது, எதை நீக்குவது என்பதை அந்தக் கோப்பைப் பார்த்தே முடிவு செய்கிறது. வேறு ஏற்பாடு செய்யாத வரை, அது இயக்கியவரின் லேப்டாப்பிலேயே கிடக்கும். ஒருவர் வடபழஞ்சி ஐடி பூங்காவிலும் மற்றவர் திருமங்கலத்தில் வீட்டிலிருந்தும் ஒரே அமைப்பைக் கையாளும் குழுவுக்கு இது சரிப்படாது. கோப்பை கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) போட்டுப் பகிர்வது அதைவிடக் கேடு. டேட்டாபேஸ் கடவுச்சொல் உட்படப் பல இரகசியங்கள் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்.

ஏற்கெனவே குபர்னெட்டீஸ் கிளஸ்டர் (செயலிகளைக் கண்டெய்னர்களில் இயக்கும் கணினிக் கூட்டம்) வைத்திருக்கும் குழு, தனிச் சேமிப்பிடம் ஏதும் வாங்காமல் ஸ்டேட்டை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். 2020 ஆகஸ்டில் வந்த 0.13 பதிப்பிலிருந்து இதற்கான பேக்கெண்ட் (ஸ்டேட்டைச் சேமிக்கும் இடத்துடன் இணைக்கும் பகுதி) டெராஃபார்முடனேயே வருகிறது. அது ஸ்டேட்டைச் சுருக்கி சீக்ரெட்டாக, அதாவது இரகசியத் தகவலுக்கான குபர்னெட்டீஸ் பொருளாகச் சேமிக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் இருக்க லீஸ் என்ற பொருளைப் பூட்டாகப் பயன்படுத்துகிறது.

தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். கிளஸ்டரையே உருவாக்கும் டெராஃபார்ம் கோடின் ஸ்டேட்டை அதே கிளஸ்டருக்குள் வைக்கக் கூடாது. அப்படி வைப்பது சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போலாகும். கிளஸ்டர் விழுந்த அன்று அதை எழுப்பத் தேவையான ஸ்டேட்டும் அதனுடன் விழுந்திருக்கும். அந்த ஒரு ஸ்டேட்டை அமேசானின் எஸ்3 போன்ற வெளிச் சேமிப்பிடத்தில் வைத்துவிட்டு, டிஎன்எஸ், டேட்டாபேஸ், செயலிகள் போன்றவற்றின் ஸ்டேட்டை மட்டும் கிளஸ்டருக்குள் கொண்டுவருவதே என் பரிந்துரை.

முதல் வேலை, ஸ்டேட்டுக்கென்று தனி நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்த பகுதி) ஒன்றை உருவாக்குவது. பேக்கெண்ட் அதைத் தானாக உருவாக்கிக்கொள்ளாது. ஒரு நேம்ஸ்பேஸில் பாட் (செயலி ஓடும் அலகு) இயக்க அனுமதி உள்ள எவரும் அங்குள்ள சீக்ரெட்டைத் தம் பாடில் இணைத்துப் படித்துவிட முடியும் என்பதால், அந்த இடத்தில் வேறு எந்தச் செயலியையும் இயக்காதீர்கள். டெராஃபார்மை இயக்குபவர்களுக்கு அந்த நேம்ஸ்பேஸில் மட்டும் சீக்ரெட், லீஸ் இரண்டையும் பட்டியலிட, படிக்க, உருவாக்க, மாற்ற, நீக்க உரிமை அளித்தால் போதும்.

பிறகு டெராஃபார்ம் கோடில் குபர்னெட்டீஸ் பேக்கெண்ட் பகுதியைச் சேர்த்து, சீக்ரெட் பெயரின் பின்னொட்டு, நேம்ஸ்பேஸ், கிளஸ்டரில் நுழைவதற்கான க்யூப்கான்ஃபிக் கோப்பின் பாதை ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள். டெராஃபார்ம் இந்தப் பகுதியில் வேரியபிள்களை ஏற்பதில்லை. ஆகவே ஆளுக்கு ஆள் மாறும் பாதையைக் கோடில் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளில் தருவது நல்லது. பின்னொட்டு 'பில்லிங்' என்றால் சீக்ரெட்டின் பெயர் 'டிஎஃப்ஸ்டேட்-டிஃபால்ட்-பில்லிங்' என்று அமையும். நடுவில் இருப்பது, ஒரே கோடுக்குத் தனித்தனி ஸ்டேட் வைக்க உதவும் ஒர்க்ஸ்பேஸின் பெயர். பழைய ஸ்டேட் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்த பின், இனிட் கட்டளையை மைக்ரேட்-ஸ்டேட் தேர்வுடன் இயக்குங்கள். முடிந்ததும், என்ன மாறும் என்பதை முன்கூட்டியே காட்டும் பிளான் கட்டளையைப் போட்டுப் பார்க்கும்போது மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தால் இடமாற்றம் சரியாக நடந்திருக்கிறது.

பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், மாற்றங்களைச் செய்யும் அப்ளை கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது பிராட்பேண்ட் அறுந்தால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஸ்டேட் மட்டும் கிளஸ்டரைச் சென்று சேராது. அப்போது டெராஃபார்ம் அதை 'எர்ரர்டு.டிஎஃப்ஸ்டேட்' என்ற கோப்பாக அதே ஃபோல்டரில் எழுதிவிட்டு நிற்கும். அந்தக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். லீஸும் தானாக விடுபடாததால், இணைப்பு திரும்பிய பின் யார் பிளான் போட்டாலும் பூட்டப்பட்டுள்ளது என்ற செய்திதான் வரும். பூட்டின் அடையாள எண், பூட்டியவரின் பயனர் பெயரும் கணினிப் பெயரும், பூட்டிய நேரம் ஆகியவை அச்செய்தியில் இருக்கும். அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய பக்கம் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அந்த எண்ணைக் கொடுத்து ஃபோர்ஸ்-அன்லாக் கட்டளையால் பூட்டை வலிந்து திறக்க வேண்டும். அதன்பின் எர்ரர்டு கோப்பு இருக்கும் லேப்டாப்பிலிருந்து ஸ்டேட் புஷ் கட்டளையால் அதைக் கிளஸ்டருக்கு அனுப்புங்கள். புஷ்ஷுக்கும் பூட்டு தேவைப்படும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

சீக்ரெட் என்ற பெயரை நம்பி இருந்துவிட வேண்டாம். அது யாரும் திருப்பிப் படிக்கக்கூடிய வெறும் பேஸ்64 வடிவில்தான் இருக்கிறது. கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியில் மறையாக்கம் வேண்டுமானால் ஏபிஐ சர்வரில் அதைத் தனியாக இயக்க வேண்டும், அதற்கு முன் எழுதப்பட்ட சீக்ரெட்டுகளை மறுபடி எழுதவும் வேண்டும். டெராஃபார்மிலிருந்து பிரிந்த திறந்த மூலக் கருவியான ஓபன்டோஃபு, தன் 1.7 பதிப்பிலிருந்து ஸ்டேட்டைத் தானே மறையாக்கிச் சேமிக்கும் வசதியைத் தருகிறது.

பதிப்பு வசதியை இயக்கிய எஸ்3 பக்கெட்டில் இருப்பதைப் போல சீக்ரெட்டில் பழைய பதிப்புகள் தங்குவதில்லை. நேம்ஸ்பேஸை யாராவது நீக்கினால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு இரவும் ஸ்டேட் புல் கட்டளையால் ஸ்டேட்டை எடுத்து, மறையாக்கிய நகலைக் கிளஸ்டருக்கு வெளியே வைக்க ஒரு கிரான் வேலை போதும். ஒரு சீக்ரெட் 1 எம்பிக்கு மேல் கொள்ளாது. புதிய டெராஃபார்ம் பதிப்புகள் பெரிய ஸ்டேட்டைப் பல சீக்ரெட்டுகளாகப் பிரித்துச் சேமித்துக்கொள்ளும், பழைய பதிப்புகளில் அது முடியாது. ஆகவே பழைய பதிப்பை வைத்திருந்து, அந்த நகலின் அளவு மாதத்துக்கு மாதம் ஏறுவது தெரிந்தால் கோடைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னொட்டு கொடுத்துவிடுங்கள்.