காப்புநகல் எடுக்கையில் டைம்-அவுட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் கடைகளின் கணக்கு மென்பொருளைப் பராமரிப்போர், நள்ளிரவுக் காப்புநகல் டைம்-அவுட் (காலக்கெடு முடிந்தது) என்று நின்றுவிட்டால், பெரும்பாலும் கண்ணில் படும் முதல் காலக்கெடு எண்ணைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். கட்டளையிடும் நிரல், தரவுத்தள சர்வர், இடையிலுள்ள நெட்வொர்க் ஆகிய மூன்றும் தனித்தனிக் காலக்கெடு வைத்திருப்பதால், இணைப்பை அறுத்தது எது என்று நிகழ்வுப் பதிவேட்டில் பார்க்காமல் எந்த எண்ணையும் தொடக்கூடாது.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய நிரல் வழியாக, அதன் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வருக்கு காப்புநகல் கட்டளை அனுப்பினால், ஒரு கட்டளைக்கான காலக்கெடுவாகிய கமாண்ட் டைம்-அவுட்டின் இயல்பு மதிப்பான 30 விநாடியில் நிரலே அதைக் கைவிடும். சர்வரில் எதை மாற்றினாலும் பயனில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், அனுப்பப்படும் தரவைப் பெறும் பக்கம் மெதுவாக வாங்கினால் 60 விநாடி ‘நெட் ரைட் டைம்-அவுட்’ இணைப்பைத் துண்டிக்கும். பலரோ, சும்மா இருக்கும் இணைப்புக்கான, ஏற்கெனவே 28,800 விநாடியாக உள்ள ‘வெயிட் டைம்-அவுட்’டை உயர்த்துகிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்புநகல் கருவியான பிஜி-டம்ப், ஒரு வினவல் ஓடக்கூடிய நேர வரம்பான ‘ஸ்டேட்மென்ட் டைம்-அவுட்’டைத் தன் இணைப்புக்கு மட்டும் தானே பூஜ்யமாக்கி, அதாவது வரம்பின்றி, வைத்துக்கொள்கிறது. அதற்காக சர்வர் முழுவதற்கும் பூஜ்யம் வைப்பது வீண்வேலை மட்டுமன்று, கடையின் மோசமான வினவல்களுக்கும் கட்டுப்பாடின்றி ஓட அனுமதி தருவதாகும். உண்மையில் வைக்கவேண்டியது, அட்டவணையின் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பான ‘லாக் வெயிட் டைம்-அவுட்’. அது இல்லையென்றால், அந்நேரம் யாரேனும் அட்டவணையின் அமைப்பை மாற்றிக்கொண்டிருந்தால், பிஜி-டம்ப் அது முடியும்வரை காத்துக்கிடக்கும். அந்த வரம்பை அலகின்றி 30 என்று எழுதினால் 30 மில்லிவிநாடி என்று பொருள்படும் என்பதையும் மறக்கவேண்டாம்.

டம்ப்பின் வெளியீட்டை பைப் வழியாக ஜிஜிப் என்ற சுருக்கும் கருவிக்கு அனுப்புவோர், தொடரில் எது தோற்றாலும் தோல்வி என்று காட்டும் ‘பைப்ஃபெயில்’ என்ற ஷெல் அமைப்பை வைக்காவிட்டால், டம்ப் பாதியில் அறுந்தும் ஜிஜிப் வெற்றி என்றே முடியும். குறித்த நேரத்தில் அதை இயக்கும் க்ரானும் அதை நம்பிவிடும்.

அதிகம் கவனிக்கப்படாதது மீட்டெடுப்புதான். தரவை ஏற்றிய பின், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள் கட்டப்படும் நேரத்தில் நிரலுக்கும் சர்வருக்கும் இடையே நெடுநேரம் எதுவும் பரிமாறப்படாது. சிங்கப்பூர் கிளவுடில் உள்ள சர்வரை இங்குள்ள அலுவலகத்திலிருந்து இயக்கினால், வழியிலுள்ள ஃபயர்வால் அந்த இணைப்பைச் செத்ததாகக் கருதி ஓசையின்றி அகற்றிவிடலாம். இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் கீப்-அலைவ், லினக்ஸில் இயல்பாக 7,200 விநாடி கழித்தே தொடங்குவதால் அது உதவாது. இணைப்பு அமைப்பில் அதை 60 விநாடியாகக் குறைப்பதும், மீட்டெடுப்பை சர்வருக்கு அருகிலுள்ள இயந்திரத்தில் டிமக்ஸுக்குள் (நம் இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவைக்கும் கருவி) இயக்குவதும், காலக்கெடுவை உயர்த்துவதைவிட நல்ல தீர்வு.