அப்சலோமின் தலைமுடி: அழகும் பெருமையும் பற்றி வேதபாடம் ஆயத்தம் செய்வது எப்படி?

இந்தத் தலைப்பு கிடைத்ததும் பலரும் ஒத்தவாக்கியங்களைத் தேடிப் பத்து வசனங்களைக் கோத்துவிடுவார்கள். அதைவிட ஒரே ஆளை, தாவீது ராஜாவின் மகன் அப்சலோமை எடுத்து, அவன் கதையை முழுதாகப் படிப்பது நல்லது. 2 சாமுவேல் 13 முதல் 18 வரை ஒரே அமர்வில் வாசியுங்கள்.

பிறகு 14:25-26க்குத் திரும்புங்கள். உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பழுதில்லாதவன் என்கிறது வசனம். அடுத்ததே முடியின் எடை: ராஜாவின் நிறைப்படி 200 சேக்கல். யூதாவில் கிடைத்த பிற்கால எடைக்கற்களில் ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். அந்தக் கணக்கில் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ! வகுப்பில் இதைச் சொல்லுங்கள், யாரும் மறக்கமாட்டார்கள்.

அவன் பெருமை பிடித்தவன் என்று இந்த அதிகாரங்கள் எங்குமே நேரடியாகச் சொல்வதில்லை. அதை அவன் செயல்களில்தான் பிடிக்க வேண்டும். 15:1-இல் இரதம், குதிரைகள், முன்னே ஓட ஐம்பது பேர். 15:4-இல் "என்னை நியாயாதிபதியாக வைத்தால்" என்ற பேச்சு. 18:18-இல் தனக்கே நாட்டிக்கொண்ட தூண். மூன்றையும் வரிசையாக எழுதிவைத்தால் பாடத்தின் முதுகெலும்பு தயார்.

முடி மரத்தில் சிக்கியது என்று சொல்லிவிடாதீர்கள். 18:9-இல் கர்வாலி மரத்தில் மாட்டியது தலை. முடியால் பெருமைகொண்டவன் முடியாலேயே தொங்கினான் என்பது மிஷ்னா என்ற பழைய யூத நூலில் வரும் விளக்கம். அதை விளக்கமாகவே சொல்லலாம்.

அழகே பாவம் என்ற முடிவுக்கும் போகவேண்டாம். யோசேப்பும் ராகேலும் எஸ்தரும் அழகானவர்கள். தாவீதின் அண்ணன் எலியாபின் தோற்றத்தைப் பார்க்காதே என்று கர்த்தர் சாமுவேலுக்குச் சொன்ன அதே அதிகாரம், ஐந்து வசனம் தள்ளி தாவீதின் அழகிய கண்களைப் பேசுகிறது (1 சாமுவேல் 16:7, 12). ஒன்றை வாசித்தால் மற்றதையும் வாசியுங்கள்.

அழகையும் மேட்டிமையையும் நேராக இணைக்கும் வசனம் வேண்டுமானால் எசேக்கியேல் 28:17. இது சாத்தானைப் பற்றியது என்று பலர் நேரே தாவிவிடுவார்கள். 12-ஆம் வசனம் தீரு என்ற பழைய துறைமுக நகரத்தின் ராஜாவைக்குறித்த புலம்பல் என்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். "நான் பூரண அழகுள்ளவள்" என்று தீரு சொல்லும் 27:3-ஐயும் சேர்த்தால் பொருள் தெளிவாகும்.

ஒரு கேள்வி வகுப்பில் எழக்கூடும். 14:27-இல் அப்சலோமுக்கு மூன்று குமாரர். 18:18-இல் தனக்குக் குமாரன் இல்லை என்கிறான். மகன்கள் முன்பே இறந்திருக்கலாம் என்பது வழக்கமான விளக்கம். மகன்களின் பெயர் அங்கே இல்லை, அழகான மகள் தாமாரின் பெயர் மட்டும் இருக்கிறது என்பதையும் காட்டுங்கள்.