நாயோடு கடற்கரைக்கு: கொழும்பிலிருந்து ஒரு வார இறுதி நடை

கொழும்பில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் கடற்கரைப் பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கின்றன, பிறகு விடுதியைத் தேடுகின்றன. எத்தனை மணிக்கு நடப்பது என்ற கேள்வி அங்கே போய் இறங்கிய பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எங்கள் கரையில் நாயின் பாதத்தைச் சுடாத மணல் நாளொன்றுக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது: விடியலில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், மாலையில் அதைவிடச் சற்றுக் குறைவு. புறப்படும் வேளை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இந்த இரண்டு இடைவெளிகளைச் சுற்றியே அமைய வேண்டும்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. மேகமில்லாத நாளில் காலை ஒன்பது மணியைத் தாண்டினால் உலர்ந்த மணல் சூடேறத் தொடங்கிவிடும். நமக்குச் செருப்பு இருக்கிறது, வியர்வையும் இருக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில் மட்டுந்தான்; உடற்சூட்டை அது இளைத்து இளைத்தே வெளியேற்ற வேண்டும், கடற்கரையின் ஈரக் காற்றிலோ அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. ஆகவே மணலில் இறங்குமுன் புறங்கையை அதில் அழுத்தி ஏழு வரை நிதானமாக எண்ணிப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் நாயை இறக்காதீர்கள். மாலை நான்கு மணிக்குக் காற்று குளிர்ந்துவிட்டதுபோல் இருந்தாலும் மணல் அவ்வளவு விரைவில் தணிவதில்லை என்பதால், மாலையில் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

இந்தக் கணக்கின்படி, வெள்ளிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்துவிடுவதுதான் சிறந்தது. சனி விடியல், சனி மாலை, ஞாயிறு விடியல் என்று மூன்று நடைகள் கைக்கு வரும். ஞாயிறு பத்து மணிக்குமுன் திரும்பிப் புறப்பட்டும் விடலாம். நாங்கள் முதல் தடவை சனிக்கிழமை அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினோம். நடை அருமையாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மணிக்கு விடுதிக்குப் போனபோது அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். முன்கூட்டிக் கேட்டு வைக்காத தவறு எங்களுடையது. மற்றவர்கள் உணவகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்க, எங்கள் நாய் பிரவுணியும் நானும் ஒரு பூவரச மரத்தின் நிழல் நகர நகர அதனோடு நகர்ந்து ஆறு மணித்தியாலத்தைக் கழித்தோம். அன்று மாலை அது நடக்க மறுத்து, படியில் படுத்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வழிகாட்டிகள் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்க்கச் சொல்லும். கொழும்புக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்த அட்டவணையால் பெரிய பயனில்லை; இங்கே மணலின் அகலத்தைத் தீர்மானிப்பது பருவக்காற்றுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலை அள்ளிக்கொண்டு போக, பல இடங்களில் கற்பாறை அணைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழ இடங்கூட மிஞ்சாது. டிசெம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை கடல் அமைதியாகவும் கரை அகலமாகவும் இருக்கும். மற்ற மாதங்களில் போகக் கூடாதென்பதில்லை. ஆனால் அப்போது நாயைத் தண்ணீரில் இறக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நன்றாக நீந்தும் லாப்ரடோரையும் திரும்பும் அலை இழுத்துப் போய்விடும்.

எங்கே நடப்பது

முதல் தடவையே தொலைதூரம் போகாமல், ஒரு ஞாயிறு விடியலில் வெள்ளவத்தையிலோ கல்கிசையிலோ ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் அலைக்கு அஞ்சுமா, மணலைத் தின்னுமா, முன்பின் தெரியாதவர்களைக் கண்டு குரைக்குமா என்பதெல்லாம் முக்கால் மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே மரைன் டிரைவ் வழியாக நடப்பவர்களுக்குக் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் வீதிக்கும் கடலுக்கும் நடுவே கரையோரப் புகையிரதப் பாதை ஓடுகிறது. இங்கேதான் நாய் வைத்திருப்பவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பாதை இரட்டை, ஒரு வண்டி போனதும் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று வரலாம். அலையின் இரைச்சலும் காற்றும் வண்டியின் சத்தத்தை விழுங்கிவிடுவதால், ஒலிப்பான் முழங்கும்வரை நமக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது. முழங்கிய கணத்தில் மிரண்ட நாய் பின்பக்கமாக இழுத்துக் கழுத்துப் பட்டியிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். எனவே தண்டவாளத்தின் குறுக்கே தோன்றிய இடத்தில் ஏறி இறங்காமல், முறையான கடவையிலோ நிலையத்திலோ மட்டும் கடந்து செல்லுங்கள். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸை அணிவியுங்கள். கடக்கும்போது வாரை ஓரடி நீளத்துக்குச் சுருக்கிப் பிடியுங்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு கவலை, வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் கடலில் வந்து விழும் வாய்கள். மழை பெய்த மறுநாள் நகரத்தின் அழுக்கெல்லாம் அவ்வழியே இறங்கும். எலிக்காய்ச்சல் நாய்களுக்கும் வரும். அதற்கான தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும் அந்த நீரில் இறங்கவோ நக்கவோ விடாமல் சுற்றிப் போய்விடுவது நல்லது.

ஓரிரவு தங்குவதற்கு என் தெரிவு நீர்கொழும்பு. கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையால் பயணம் குறுகியது, விடுதிகளை அடுத்த வடக்குப் பக்கத்தில் மணல் நீளமாகக் கிடக்கிறது, பேச்சுக்குத் தமிழும் உண்டு. ஆனால் களப்பு வாயை அண்டிய மீன் சந்தைப் பக்கம் நாயோடு போகாதீர்கள். அங்கே தும்புப் பாய்களில் கருவாடு வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாய் அதில் கால் வைத்தாலோ காலைத் தூக்கினாலோ ஒருவருடைய அன்றைய பிழைப்பில் மண். கரைவலை இழுக்கும் இடங்களிலும் இதே கவனம் வேண்டும்: வலை கரையில் விரிந்திருந்தால் அதைத் தாண்டாமல், மேட்டுப் பக்கமாகச் சுற்றிச் செல்லுங்கள்.

தெற்கே பெந்தோட்டையின் கரை அகலமானது, அழகானது. நடப்பதற்கு நீர்கொழும்பைவிட நல்லது என்பவர்களோடு நான் வாதாடமாட்டேன். என் தயக்கத்துக்குக் காரணம் ஆமைகள். கொஸ்கொடை வரையான அந்தக் கரையில் கடலாமைகள் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. மோப்பம் பிடித்துத் தோண்டும் நாய் ஒரு கூட்டைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். அங்கே போவதானால் இருட்டிய பின் நாயை மணலில் இறக்காதீர்கள், விடியலில் வாரை அவிழ்க்காதீர்கள்.

விடுதியில் கேட்க வேண்டியவை

நாயை அனுமதிப்பீர்களா என்று மட்டும் கேட்டால் "பிரச்சினை இல்லை" என்பார்கள்; போன பிறகு முற்றத்தில் கட்டி வைக்கச் சொல்வார்கள். அறைக்குள் எங்களோடு இருக்கலாமா என்று தெளிவாகக் கேளுங்கள். அடுத்து, விடுதிக்குச் சொந்தமாக நாய் இருக்கிறதா என்பது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஆனால் வாசலிலேயே சண்டை தொடங்குவது இதனால்தான். வளவுக்கு மதில் உண்டா, வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் உண்டா, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பவற்றையும் கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியே போதும்.

பயணத்துக்கு மூன்று நான்கு மணித்தியாலம் முன்னரே நாயின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், வாந்தி குறையும். வழியில் கடையொன்றில் நிறுத்தினால் யாராவது ஒருவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். வெளியே முப்பது பாகை செல்சியஸ் இருக்கும்போது, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் நாற்பதை எட்டிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பது இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

எடுத்துச் செல்ல அதிகம் தேவையில்லை. குடிநீர்தான் முதன்மை: நாளாந்தம் ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் என்பது சாதாரணக் கணக்கு, நடைக்கும் வெயிலுக்குமாக இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். பதினெட்டுக் கிலோ எடையுள்ள பிரவுணிக்காக நான் இரண்டு லீற்றர் கொண்டு போகிறேன். அகன்ற கிண்ணம், பழைய துவாய் இரண்டு, பொலித்தீன் பைகள், வழக்கமான உணவு, தடுப்பூசி அட்டை. நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்பது இங்கே சட்டமும்கூட; கடிச் சம்பவம் ஏதும் நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்த அட்டைதான். இரும்புச் சங்கிலி வேண்டாம், வெயிலில் அது நாயையும் சுடும், உங்கள் கையையும் சுடும். ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைப் புறப்படுமுன் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில் இறங்கிய பின்

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்ற பழமொழியைச் சொன்னவர் நிச்சயமாக ஒரு நாயைக் கடற்கரையில் பார்த்திருக்க வேண்டும். நண்டு வளை ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்கும், அலையோடு சண்டைபிடிக்கும். தான் களைத்ததை அது உணர்வதற்குள் வெகுதூரம் போயிருப்பீர்கள். மணலில் நடப்பது வீதியில் நடப்பதைவிடக் கடினம். வழக்கமாக அரை மணித்தியாலம் நடக்கும் நாயானால் போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் ஒரு வயது நிரம்பாத குட்டிகளுக்கும் அதில் பாதி போதும். அலை நனைத்து இறுகிய ஈரமணல்தான் நடக்க ஏற்ற தளம்.

வாரை அவிழ்ப்பதா என்பது பலரும் கேட்பது. என் பதில், வேண்டாம். ஐந்து முதல் பத்து மீற்றர் நீளமான நாடா ஒன்றை மாட்டுங்கள். நம் கடற்கரைகள் எல்லாருக்கும் உரியவை: நாயைக் கண்டால் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தொழுகைக்குமுன் நாயின் எச்சில் படாமல் இருக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், இறால் வடையோடு ஓடும் குழந்தைகளும் இருக்கிறார்கள். எதிரே ஆட்கள் வரும்போது நாடாவைச் சுருட்டி நாயைக் கடல் பக்கமாக நடத்தினால் போதும், பேச்சே தேவைப்படாது. கரையில் வாழும் நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் முயலாதீர்கள். திரும்பி, வந்த வழியே நிதானமாக நடந்தால் பெரும்பாலும் தம் எல்லை முடியும் இடத்தில் அவை நின்றுவிடும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாய் எதை வாயில் எடுக்கிறது என்பதில்தான் உங்கள் கண் முழு நேரமும் இருக்க வேண்டும். மீனவர்கள் வலையிலிருந்து எறிந்துவிடும் பேத்தை மீன், வயிறு ஊதியபடி மணலில் கிடக்கும். அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள நஞ்சு நாயின் மூச்சை நிறுத்தவல்லது, அதற்கு முறிமருந்தும் கிடையாது. தூண்டில் முள் மாட்டிய மீன் துண்டும் கரையொதுங்கிய ஜெலி மீனும் அடுத்த நிலை ஆபத்துகள். நீர்கொழும்புப் பக்கத்தில் பருப்பளவான வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகளைக் காண நேரலாம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏற்றி வந்த ஏறத்தாழ 1,680 தொன்னில் சிந்தியவை அவை. அவை குவிந்திருக்கும் இடத்தில் நாயைத் தோண்ட விடாதீர்கள். கடல்நீரும் அப்படித்தான்: ஓரிரு வாய் போனால் வயிற்றோட்டம், அளவு மீறினால் உப்பு நஞ்சாகி வலிப்பு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் கொடுத்தால் கடலைக் குடிக்கும் ஆசை குறையும். கொத்து ரொட்டியில் பங்கு கொடுக்கும் பாசக்காரர்கள் வீட்டில் இருந்தால், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் அம்மாவுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். நாயின் சாதாரண உடற்சூடு 38.3 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதடையத் தொடங்கும். நிழலுக்குத் தூக்கிச் சென்று, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வைத்தியரிடம் ஓடுவது.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நன்னீரால் கழுவி, விரலிடுக்குகளில் மணலும் சிப்பி வெட்டிய காயமும் உண்டா என்று பாருங்கள். காதின் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். தொங்கு காது நாய்களுக்கு ஈரம் தங்கினால் சில நாளில் சீழ் வைக்கும். கரையோரப் புதர்களில் உண்ணி அதிகம் என்பதால், வீடு திரும்பிய ஞாயிறு மாலையில் காது மடல், கக்கம், வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவித் தேடி எடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பாட்டை வெறுத்தாலோ பல் முரசு வெளிறினாலோ, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கடற்கரைக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.