பெயர் மறந்த ஸ்பானியப் புதிர்ப் படத்தைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்போதோ பார்த்து, பெயர் மறந்துபோய், ஒரு காட்சியோ இரண்டு காட்சியோ மட்டும் மனத்தில் தங்கிவிட்ட ஸ்பானிய அறிவியல் புனைவுப் படத்தைக் கண்டுபிடித்துத் தருமாறு கேட்டு எங்கள் திரைப்படச் சங்கத்துக்கு ஆட்கள் வருவது வழக்கம். அண்மையில் அந்த வேலையில் இளைஞர்கள் சிலர் ஆர்வத்தோடு இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் நாங்கள் தொடக்கத்தில் செய்தவையே. எழுத்துப்பிழையோடு தேடுவது, நடிகர்களை மாற்றிச் சொல்வது போன்றவை நாளடைவில் தாமாகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்த்த ஆண்டைப் படம் வெளியான ஆண்டாகக் கொள்வது

இரண்டும் வேறு வேறு. பார்த்த ஆண்டுக்குப் பிறகு வந்த படங்களை நீக்க மட்டுமே அது உதவும்.

சொல்பவர் முடிக்கும் முன்பே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவது

பின்னால் ஈடுகட்டவே முடியாத தவறு இதுதான். இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைப்பதும் இதுதான். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எங்களிடம் வந்திருந்தார். பெரிய நகரம் ஒன்றின் அகலமான சாலை, நல்ல பகல் வெளிச்சம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் நடமாட்டமே இல்லை, ஓர் இளைஞன் அந்தச் சாலையின் நடுவில் தன்னந்தனியாக ஓடுகிறான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விட்டிருந்தால் இன்னும் சில வாக்கியங்கள் சொல்லியிருப்பார். அதற்குள் எங்கள் இளைஞர் ஒருவர், "டீச்சர், அது வெனிலா ஸ்கை, டாம் குரூஸ் படம்" என்று சொன்னதோடு நிற்காமல், செல்பேசியில் அந்தக் காட்சியையும் எடுத்து நீட்டிவிட்டார். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "ஆமாம்ப்பா, இந்த விளம்பரப் பலகையெல்லாம் இருந்துச்சு" என்றார்.

அந்தப் பதிலோடு அவருடைய நினைவு கைநழுவிப் போயிற்று. அலெஹாந்திரோ அமெனாபார் 1997இல் இயக்கிய 'அப்ரே லோஸ் ஓஹோஸ்' என்ற ஸ்பானியப் படத்தின் ஹாலிவுட் ரீமேக்தான் 2001இல் கேமரன் குரோ இயக்கிய 'வெனிலா ஸ்கை'. வெறிச்சோடிய சாலை இரண்டிலும் உண்டு. ஸ்பானியப் படத்தில் அது மாட்ரிட் நகரின் கிரான் வியா, அமெரிக்கப் படத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம். போதாக்குறைக்கு, சோஃபியா என்ற அதே பாத்திரத்தில் பெனலோப்பி குரூஸ்தான் இரண்டிலும் நடித்திருக்கிறார். ஆகவே நடிகையின் முகத்தை வைத்தும் தீர்மானிக்க வழியில்லை. டீச்சர் 'வெனிலா ஸ்கை'யைப் பார்த்துவிட்டு, "கதை இதுதான், ஆனா ஏதோ ஒட்டல" என்றார். பிறகு ஸ்பானியப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அதற்குள் அவர் மனத்தில் டைம்ஸ் சதுக்கத்தின் பலகைகள் மாட்ரிட் சாலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. எதை முதலில் பார்த்தார் என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. அன்று வாசலில் நின்று பேசும்போதே, படம் முழுவதும் கீழே ஓடிய எழுத்தைப் படித்துக்கொண்டே பார்த்ததாக அவர் சொல்லியிருந்தார் என்பது எங்களில் ஒருவருக்கு மிகவும் தாமதமாக நினைவுக்கு வந்தது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அவர் சப்டைட்டிலை நம்பிப் பார்த்திருக்கிறார் என்ற ஒரு தகவலே எங்களை மாட்ரிட் பக்கம் திருப்பியிருக்கும். யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

அந்த இளைஞரின் அவசரத்தைவிட, இது எல்லோருக்கும் நேரக்கூடியது என்பது தெரிந்திருந்தும் நாங்கள் எச்சரிக்கையாக இல்லாததே எனக்கு அதிகம் உறுத்துகிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு உளவியல் படித்த எவருக்கும் பழக்கமானது. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதியபோது" எவ்வளவு வேகம் இருந்தது என்று சிலரிடமும், "நொறுங்க மோதியபோது" எவ்வளவு வேகம் இருந்தது என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பிரிவின் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் பிரிவின் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரு வினைச்சொல்லே இவ்வளவு செய்யுமென்றால், படத்தின் பெயரும் நடிகரின் பெயரும் ஒரு புகைப்படமும் சேர்ந்து என்ன செய்யாது?

ஆகவே வந்தவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல், அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டால் விடையை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. நாச்சோ விகலொந்தோவின் 2007ஆம் ஆண்டுப் படமான 'லோஸ் குரோனோகிரிமெனெஸ்', அதாவது பலரும் 'டைம்கிரைம்ஸ்' என்ற பெயரில் அறிந்த படம், உங்கள் மனத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "அவன் தலையில் இளஞ்சிவப்புத் துணி சுற்றியிருந்ததா? கையில் கத்தரிக்கோல் இருந்ததா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். "அவன் எப்படி இருந்தான்?" என்று கேளுங்கள். கட்டுப்போட்ட தலையை அவரே சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு; பைனாகுலரோடு வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் சேர்த்துச் சொன்னால் படம் கிடைத்துவிட்டது. அவர் கண்ணால் பார்த்ததையும், கதையைப் பற்றி அவர் பின்னால் ஊகித்ததையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். "அவனே அவனைக் கொல்ல வருகிறான்" என்பது ஊகம், கத்தரிக்கோல் பார்த்தது. புதிர்ப் படங்களில் ஊகம்தான் முதலில் பிசகும்.

ஸ்பானிய மொழி கேட்டது என்பதால் ஸ்பெயின் படம் என்று முடிவு கட்டுவது

சுரங்க ரயில் ஒன்று பயணிகளோடு காணாமல் போய், கணித அறிஞர் ஒருவர் அதைத் தேடும் 'மோபியஸ்' அர்ஜென்டினப் படம். 1996இல் குஸ்தாவோ மொஸ்கேராவின் இயக்கத்தில், புவனோஸ் ஐரஸில் உள்ள திரைப்படப் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பில் உருவானது. எவ்வளவு இறங்கினாலும் முடியாத படிக்கட்டு என்று யாராவது சொன்னால், மெக்சிகோவின் ஐசக் எஸ்பான் 2014இல் எடுத்த 'எல் இன்சிதெந்தே'யை நினையுங்கள். டப்பிங்கும் ஏமாற்றும். ஸ்பெயினில் 1941இல் பிராங்கோ அரசு வெளிநாட்டுப் படங்களுக்கு ஸ்பானிய டப்பிங்கைக் கட்டாயமாக்கியது. அரசு போன பிறகும் பழக்கம் போகவில்லை. எனவே அங்கே தொலைக்காட்சியில் பார்த்தது கனடாப் படமாகவும் இருக்கலாம். இதற்கு எதிர்த்திசையும் உண்டு: அமெனாபாரின் 'தி அதர்ஸ்' முழுக்க ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டும், சிறந்த படத்துக்கான ஸ்பெயினின் கோயா விருதைப் பெற்றது.

இரண்டு படங்களை ஒன்றாகக் கருதுவது

"கணக்குப் போட்டால்தான் அறையிலிருந்து தப்ப முடியும்" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் இரண்டு படங்களின் கலவை. வின்சென்சோ நடாலியின் கனடாப் படமான 'கியூப்' 1997இல் வந்தது; அதில் ஆட்கள் கனசதுர அறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பொறி எங்கே என்று ஊகிக்கப் பகா எண்கள் உதவும். லூயிஸ் பியத்ராயிதாவும் ரொத்ரிகோ சொபெஞாவும் 2007இல் இயக்கிய ஸ்பானியப் படமான 'லா ஆபிதாசியோன் தெ ஃபெர்மா'வில் இருப்பது ஒரே அறை. ஒரு நிமிடத்துக்குள் புதிருக்கு விடை சொல்லாவிட்டால் சுவர்கள் உள்நோக்கி நகரும். ஆட்கள் நகர்ந்தார்களா, சுவர் நகர்ந்ததா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். பின்னதைக் கண்டிப்பான பொருளில் அறிவியல் புனைவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேடி வருபவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதற்காகத் திருத்தத் தேவையில்லை.

ரீமேக்கை மறப்பது

நம் ஊரில் இது முக்கியம். புயல் இரவு, பழைய தொலைக்காட்சிப் பெட்டி, அதன் வழியே வேறொரு காலத்துச் சிறுவனோடு பேசும் பெண் என்றதும் ஓரியோல் பௌலோவின் 2018ஆம் ஆண்டுப் படமான 'துராந்தே லா தொர்மெந்தா' என்று எழுதிவிடாதீர்கள். சொல்பவர் பார்த்தது அதன் இந்தி வடிவமாக, 2022இல் அனுராக் காஷ்யப் இயக்கிய 'தோபாரா'வாகவும் இருக்கலாம்.

முழுநீளப் படங்களில் மட்டும் தேடுவது

புதிய தொலைபேசிக் கூண்டுக்குள் ஒருவர் நுழைகிறார், கதவு திறக்கவில்லை, கூட்டம் கூடுகிறது, கடைசியில் கூண்டோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இதைத் திரையரங்கப் படங்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்தோனியோ மெர்செரோ இயக்கி, ஹொசே லூயிஸ் லோபெஸ் வாஸ்கெஸ் நடித்து, 1972இல் ஸ்பெயின் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'லா கபினா' அது. நீளம் சுமார் 35 நிமிடங்கள். கூண்டுக்குள் இருப்பவர் பேசுவது வெளியே கேட்காததால், பார்த்தவர்களில் சிலர் அதை ஊமைப்படம் என்றே சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லிவிடுவது

படத்தின் பெயர், ஆண்டு, இயக்குநர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவர் மறுபடியும் பார்க்கப் போகிறார்.